இரத்தத்தில் அமிலம் கூடிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து மருந்தகம் ஒன்றில் மேசைக்கு உட்புறம் நிற்பவன் நான். மருந்துத் துண்டோடு வருபவர்கள் குளிசைகளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே ஒரு கேள்வியையும் போட்டுவிடுவார்கள். சில காலமாக அந்தக் கேள்விகளில் பல ‘உடம்பில் அமிலம் கூடிவிட்டது’ என்பதைச் சுற்றியே வருகின்றன. கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, தண்ணீரைக் காரமாக்கும் இயந்திரத்தை விற்க மண்டபத்தில் நடந்த கூட்டம், பக்கத்து வீட்டு ஆசிரியரின் அறிவுரை என்று அதற்கு ஊற்றுகள் பல. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது சொல்ல முடியாததை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

அமிலம், காரம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பிஎச் என்பது என்ன?

ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நிறம் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு காரம், காரத்தில் மஞ்சள் சிவக்கும். அதில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். கருப்பநீர் இறக்குபவர்கள் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதும் இதே விடயந்தான். சுண்ணாம்பின் காரத்தில், நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிப்போகும். தடவாத முட்டியில் இறங்குவது புளித்துக் கள்ளாகிவிடும்.

இந்தத் தன்மையை எண்ணால் குறிக்கும் முறையை 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன் சோரன்சன் என்ற இரசாயனவியலாளர் வகுத்தார். அதுதான் பிஎச். பொதுவாக 0 முதல் 14 வரை, 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வேறுபாடு. பிஎச் 5 என்பது 6ஐவிடப் பத்து மடங்கு அமிலம், 7ஐவிட நூறு மடங்கு. எண் சிறிதாக அசைந்தாலும் உள்ளே மாற்றம் பெரிது.

உடம்பு முழுவதும் ஒரே பிஎச்தானா?

இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரைப்பையில் பிஎச் 1.5 முதல் 3.5 வரை; கடுமையான அமிலம். அங்கிருந்து உணவு சிறுகுடலுக்கு இறங்கியதும் சதையி (கணையம்) சுரக்கும் நீர், பிஎச் 8 அளவில், அந்த அமிலத்தை அடக்குகிறது. தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டி இருக்கும். கிருமிகளுக்கு அது பிடிக்காது. பெண்களின் பிறப்புவழி 3.8 முதல் 4.5 வரை அமிலமாக இருப்பதுதான் ஆரோக்கியம். சவர்க்காரம் போட்டு அதைக் கழுவுவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களை விரட்டும் வேலை. சிறுநீர் 4.5க்கும் 8க்கும் இடையில் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும்.

தமனி இரத்தம் மட்டும் 7.35 முதல் 7.45 வரையிலான ஓர் ஒடுங்கிய வரம்புக்குள் நிற்கிறது. ஆகவே ‘உடலைக் காரமாக்குங்கள்’ என்று யாராவது சொன்னால், எந்த இடத்தை என்று கேளுங்கள். இரைப்பையைக் காரமாக்கினால் சமிபாடு கெடும். இரத்தமோ ஏற்கெனவே சிறிதளவு காரமானதுதான்.

இரத்தத்தை அந்த வரம்புக்குள் வைத்திருப்பது எது?

மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. வேகத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை.

முதலாவது இரத்தத்திலேயே இருக்கிறது. பைகாபனேற்று என்ற காரப்பொருள், ஈமோகுளோபின், வேறு புரதங்கள் ஆகியவை அமிலம் வந்த கணமே அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு லீற்றர் இரத்த நீரில் 22 முதல் 26 மில்லிமோல் பைகாபனேற்று இருப்பது வழக்கம். வைத்தியசாலை அறிக்கையில் அதைத் தனி வரியாகக் காணலாம்.

இரண்டாவது நுரையீரல். நாம் உண்ட சோறும் மீனும் எரிந்து முடியும்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய 15,000 மில்லிமோல் காபனீரொட்சைட்டு உண்டாகிறது. அது நீரில் கரைந்தால் அமிலம். மூச்சு அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் அமிலம் சிறிது கூடினாலும் மூளையின் அடித்தண்டு அதை உணர்ந்து சுவாசத்தைத் துரிதப்படுத்தும்; சில நிமிடங்களில் சரிக்கட்டும். நல்லூர்த் தேருக்கு இழுபட்டு ஓடியவர் மூச்சு வாங்குவதில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது சிறுநீரகம். மூச்சாக வெளியேற முடியாத அமிலங்கள் உண்டு. முக்கியமாகப் புரதத்திலுள்ள கந்தகத்திலிருந்து வருபவை. நாளுக்கு 50 முதல் 100 மில்லிமோல்தான். ஆனால் அவை போக வேறு வாசல் இல்லை. சிறுநீரகம் அவற்றை அமோனியமாகவும் பொஸ்பேற்றாகவும் கட்டி வெளியேற்றுகிறது. அதே நேரம் வடிகட்டலில் தப்பி வரும் 4,000க்கும் மேற்பட்ட மில்லிமோல் பைகாபனேற்றை ஏறத்தாழ முழுவதுமாக மீட்டெடுக்கிறது. வேலை ஆறுதலானது, ஒரு பெரிய மாற்றத்தை ஈடுசெய்ய அதற்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் வேண்டும். ஆனால் நாட்பட்ட கணக்கை நேர் செய்வது அதுதான்.

இவ்வளவு காவல் ஏன் என்றால், உடலின் இரசாயன மாற்றங்களை நடத்தும் நொதியங்கள் தம் வடிவத்தை இழக்காமல் இருக்க இந்த வரம்பு வேண்டும். பிஎச் 7.4 என்பது 7.1க்கு இறங்கினால் ‘0.3 தானே’ என்று தோன்றும். இரத்தத்திலுள்ள அமிலத்தின் செறிவு அங்கே இரண்டு மடங்காகிவிட்டது. இதயம் சுருங்கும் வலு குறையும். பொற்றாசியம் கலங்களுக்கு வெளியே கசியும். அந்த நிலையில் ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

மீன், இறைச்சி அமிலம். மரக்கறி காரம் என்கிறார்களே, அது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. உணவு எரிந்து முடிந்த பின் சிறுநீரகத்துக்கு எவ்வளவு அமிலச் சுமையை விட்டுச் செல்கிறது என்று கணக்கிடும் முறையொன்றை 1995இல் ஜேர்மனியில் றெமர், மான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதில் வரும் எண்கள் பிஎச் அல்ல, சுமையின் அளவு. அதன்படி 100 கிராம் இறைச்சி, மீன் ஆகியவை 7 முதல் 9 வரை அமிலப் பக்கம். பாண் 4ஐ ஒட்டி. சோறு 2க்கும் குறைவு. வாழைப்பழம் காரப் பக்கம் 5.5, பசளி போன்ற கீரை 14.

அந்தக் கணக்கு எதைப் பற்றியது என்பதில்தான் விடயம் இருக்கிறது. அது சிறுநீரைப் பற்றியது. வெள்ளிக்கிழமை முருங்கைக்கீரையும் வாழைக்காயும் பூசணியும் சாப்பிட்டால் உங்கள் சிறுநீர் காரமாகும். ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பும் இறால் பொரியலுமாக இருந்தால் சிறுநீர் அமிலமாகும். இரண்டு நாளும் இரத்தம் 7.4 அளவிலேயே நிற்கும். சிறுநீர் மாறுவது சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

மரக்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. நார்ச்சத்து, பொற்றாசியம், விற்றமின்கள், குறைந்த உப்பு என்று அதற்கு நியாயமான காரணங்கள் வேண்டியளவு இருக்கின்றன. நல்ல செயலுக்குப் பொய்க் காரணம் சொல்வதில் ஒரு கெடுதி உண்டு: மீனைக் கண்டு பயந்து, பிள்ளைக்குக் கிடைக்கும் மலிவான புரதத்தை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. ஒடியல் கூழில் மீனும் இறாலும் நண்டும் ஒரு பக்கம், முருங்கையிலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மறுபக்கம். எந்தப் பட்டியலும் இல்லாமல் சமன்படுத்தியவர்கள் நம்முடையவர்கள்.

தேசிக்காய் அப்படிப் புளிக்கிறது. அது எப்படி உடம்பில் காரமாகும்?

தேசிக்காய்ச் சாற்றின் பிஎச் 2 முதல் 2.5 வரை. வாயிலும் வயிற்றிலும் அது அமிலமே. அதிலுள்ள சித்திரிக்கமிலத்தை ஈரல் எரித்துவிடுகிறது. கூடவரும் பொற்றாசியச் சித்திரேற்றிலிருந்து பைகாபனேற்று உண்டாகிறது. அதனால் சிறுநீர் சற்றுக் காரமாகிறது. அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்புக் கரையும் என்பதெல்லாம் இதில் சேராது.

‘கார நீர்’ இயந்திரம் வாங்கலாமா?

அந்தக் காசுக்குக் கிணற்றைக் கட்டி மூடுங்கள் என்பது என் பதில். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பிஎச் 9 உள்ள ஒரு லீற்றர் தண்ணீர், அதில் கரைந்திருக்கும் உப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், பிஎச் 2 உள்ள இரைப்பை நீரில் எவ்வளவை நடுநிலையாக்கும் தெரியுமா? ஒரு மில்லிலீற்றர். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரைப்பை அதைக் கவனிக்கவே கவனிக்காது. அப்படியே ஏதோ ஒரு பகுதி உள்ளே போனாலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே விட்டுவிடும்.

இன்னொன்று. நாம் நிற்பதே சுண்ணக்கல்லின் மேல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குத் தீனி போட்டதும் அந்தக் கல்தான். மழைநீர் அதனூடாக இறங்கித் தேங்குவதைத்தான் வலிகாமத்தில் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். அதில் கல்சியமும் பைகாபனேற்றும் கரைந்திருக்கின்றன. பெரும்பாலும் 7க்கு மேலேதான் நிற்கும். கேத்தலின் அடியில் கனத்துப் படியும் வெள்ளைப் படை அந்தக் கல்சியம் காபனேற்று. இயந்திரம் காட்டும் எண் கவர்ச்சியாக இருக்கலாம். அமிலத்தை அடக்கும் வலு நம் கிணற்று நீரிலுள்ள பைகாபனேற்றுக்கே பல மடங்கு அதிகம். காரத்தை இலட்ச ரூபாய்க் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டிய ஊர் இதுவல்ல.

நம் தண்ணீரில் கவலைப்பட வேண்டியவை வேறு. தோட்டக்காணிகளில் அளவுக்கு மிஞ்சிப் போடும் உரத்திலிருந்து நைத்திரேற்று செம்மண்ணூடாக இறங்கிக் கிணற்றுக்குள் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது மீறிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து பிள்ளை நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிச் செறிவு கூடும். மலக்குழிக்கு அருகிலுள்ள கிணறுகளில் மலக்கிருமிகள் கலப்பது அடுத்த பிரச்சினை. அதற்குக் கொதிக்கவைப்பது நல்ல தீர்வு. ஒரு தடவை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அறிக்கையில் பிஎச் வரியைத் தாண்டி நைத்திரேற்று வரியையும் கிருமி வரியையும் பாருங்கள்.

எனக்குக் காஸ்ட்ரைட்டிஸ், நெஞ்செரிவு. அப்படியென்றால் இரத்தத்தில் அமிலம் கூடிவிட்டதுதானே?

தொடர்பில்லை. இரைப்பை அமிலம் மேலே உணவுக் குழாய்க்குள் ஏறுவதால் நெஞ்சு எரிகிறது. அமிலம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மாறியதுதான் கோளாறு. இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியும் மூட்டு நோவுக்கு விழுங்கும் வலி நிவாரணிக் குளிசைகளும். அந்தக் கிருமியைக் கண்டறிந்த அவுஸ்திரேலியர்கள் பரி மார்ஷல், றொபின் வொரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டியவர். உறைப்பு புண்ணை எரியச் செய்யும், மிளகாய்த்தூள் அமிலமல்ல.

இரைப்பை அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணிநேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். வயிறு நிறைந்த பின் எரிகிறது என்று விழுங்குபவர்கள்தான் ‘இது வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வருகிறார்கள். வருடக்கணக்கில் தாமாகவே வாங்கித் தொடர்பவர்களுக்கு விற்றமின் பி12, மகனீசியம் குறையலாம். மலம் கறுத்துப் போனாலோ, எடை குறைந்தாலோ, விழுங்குவது கடினமானாலோ என்னிடம் வராதீர்கள், வைத்தியரிடம் போங்கள்.

நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ என்றால் அதைக் ‘காஸ்’ என்று சொல்லி சோடாவை உடைத்துக் கொடுக்க வேண்டாம். அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். மாரடைப்பைக் காஸ் என்று எண்ணி விடியும்வரை காத்திருப்பது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கும் காரியம். எனக்கு இதில்தான் கோபம் வரும்.

அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாமா? அதுவும் காரந்தானே?

காரந்தான். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியமும் இருக்கிறது; ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது கேடு. வயிறு புடைக்கச் சாப்பிட்ட பின் குடித்து, கிளம்பிய வாயுவில் இரைப்பை வெடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தினமும் எடுப்பவர்களின் இரத்தம் மெய்யாகவே காரமாகி, பொற்றாசியம் குறைந்து, தசை பிடித்து, இதயத் துடிப்பு தவறலாம். அப்பத்துக்குப் போடும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புற்றுநோய் அமில உடலில்தான் வளரும், காரத்தில் வளராது என்று நோபல் பரிசு பெற்றவர் சொன்னாராமே?

ஒட்டோ வார்பேர்க் என்ற ஜேர்மனியரைத்தான் சொல்கிறார்கள். அவர் 1931இல் நோபல் பரிசு பெற்றது கலச் சுவாசத்துக்கான நொதியம் ஒன்றின் இயல்பை விளக்கியதற்காக. புற்றுக்கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதுகூடக் குளுக்கோசை நொதிக்கவைத்து இலத்திக்கமிலத்தை உண்டாக்குகின்றன என்று கண்டதும் அவரே. அந்த அமிலத்தைப் புற்றுக்கட்டி தன்னைச் சுற்றித் தானே உண்டாக்குகிறது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். 2016இல் வெளியான ஒரு முறையான மீளாய்வு, கார உணவோ கார நீரோ புற்றுநோயைத் தடுக்கும் அல்லது ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இந்தக் கருத்தை விற்றுப் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் ரொபர்ட் யங். உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்ததற்காக 2016இல் குற்றவாளியாகக் காணப்பட்டுப் பின்னர் சிறை சென்றார். வழமையான சிகிச்சையைக் கைவிட்டு அவரை நம்பிய மார்புப் புற்றுநோயாளிப் பெண் ஒருவருக்கு 10 கோடி 50 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்குமாறு 2018இல் சான் டியேகோவில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

நம் பக்கத்திலேயே ஓர் எதிர்ச்சான்று இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாய் நன்றாகக் காரமாகிவிடும். பாக்கிலுள்ள பொருள்கள் அந்தக் காரச் சூழலில்தான் கலங்களைத் தாக்கும் ஒட்சிசன் துணிக்கைகளை உண்டாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் 2004இல் புற்றுநோய் உண்டாக்கிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. காரம் காக்குமென்றால் வெற்றிலை போடும் வாய்தான் முதலில் தப்பியிருக்க வேண்டும்.

அமில உணவு என்பைக் (எலும்பை) கரைக்குமாமே?

அமிலத்தை அடக்க உடல் என்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும் என்ற கருத்து நெடுங்காலம் இருந்தது. 2009இலும் 2011இலும் கனடிய ஆய்வாளர்கள் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. என்பு உறுதியாக இருக்க நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள், வெயிலில் நடந்து திரியுங்கள்.

அப்படியானால் இரத்தத்தின் அமிலச் சமநிலை கெடுவதே இல்லையா?

கெடும். கெட்டால் அது உயிர் போகும் விடயம். கூட்டம் போட்டு விற்கும் விடயமல்ல.

சலரோகத்தில், குறிப்பாக இன்சுலினில் தங்கியிருக்கும் பிள்ளைகளில், இன்சுலின் நின்றால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீற்றோன் அமிலங்கள் குவியும். தாகம், அடிக்கடி சலம், வயிற்று நோ, சத்தி. பிறகு ஆழமான, இடைவிடாத மூச்சு. நுரையீரல் அமிலத்தை வெளியே ஊதித் தள்ளப் பாடுபடுகிறது. 1874இல் அடொல்ஃப் குஸ்மவுல் என்ற ஜேர்மனிய வைத்தியர் இந்த மூச்சை விவரித்தார்; இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். வாயில் அழுகிய பழ மணம் வீசும். வீட்டார் இதை ‘தொய்வு’ என்றோ வயிற்றுக் குழப்பம் என்றோ எண்ணுவதுண்டு. சீனி பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். கூடியிருந்தால் நேரே வைத்தியசாலை. இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் சொல்லைக் கேட்க வேண்டாம்.

வயிற்றோட்டத்தில் பைகாபனேற்று மலத்தோடு போய்விடும். இரத்தம் அமிலப் பக்கம் சாயும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளில் உப்பும் குளுக்கோசும் மட்டுமல்ல, சித்திரேற்றும் சேர்த்திருப்பது இதற்காகவே. பைக்கற்றில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே முழுவதையும் கரையுங்கள். பாதிப் பைக்கற்றைக் கோப்பையில் குத்துமதிப்பாகப் போடுவது பிழை. தொடர்ந்து சத்தி எடுத்தால் இரைப்பை அமிலம் போய், இரத்தம் எதிர்ப்பக்கம், காரமாகச் சாயும்.

மாரிக்காலத்து டெங்கு அதிர்ச்சி நிலைக்குப் போனாலும், கிருமித்தொற்று இரத்தத்தில் பரவினாலும், திசுக்களுக்கு ஒட்சிசன் போதாமல் இலத்திக்கமிலம் கூடும். புகைப்பழக்கத்தாலும் பல்லாண்டு விறகு அடுப்புப் புகையாலும் நுரையீரல் பழுதானவர்கள் காபனீரொட்சைட்டை வெளியேற்ற முடியாமல் தூங்கி வழிவார்கள். கள்ளச் சாராயத்தில் மெதனோல் கலந்திருந்தால் அது உடலில் ஃபோமிக்கமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும். குடித்த பின் கண் மங்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுபவருக்கு விரல் விறைத்து வாயைச் சுற்றி எறும்பு ஊருவதுபோல் இருப்பது காரம் கூடுவதால். அது அமர்ந்து மெதுவாக மூச்சு விட்டால் தீரும். கடதாசிப் பையை மூக்கில் வைப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் இருந்தால் அமிலம் கூடுமா?

சுகதேகிக்குச் சிறிது கூடும். உணவில்லாத இரண்டாம் நாளிலிருந்து கொழுப்பு எரிந்து கீற்றோன் உண்டாகும். வாயில் ஒரு மணம் வருவது அதனால்தான். சொந்த இன்சுலின் சுரப்பதால் அது கட்டுக்குள் நிற்கும். இளநீரோ பாலும் பழமுமோ ஒரு வேளை எடுப்பவர்களுக்கு அதுகூட மிகக் குறைவு.

சலரோகக்காரர் கதை வேறு. இன்சுலின் போடுபவர்கள் முழுப் பட்டினி கிடக்கக் கூடாது. எம்பாகிளிஃபுளோசின், டப்பாகிளிஃபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: பட்டினியில் சீனி அளவு ஒழுங்காகக் காட்டும்போதே கீற்றோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கருவி ‘நல்லது’ என்று சொல்லும். ஆள் சத்தி எடுத்துக்கொண்டிருப்பார். ஐப்பசி பிறப்பதற்கு முன் வரும் கிளினிக்கிலேயே ‘நான் விரதம் பிடிக்கப் போகிறேன்’ என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அப்படியே. முருகன் கோபிக்க மாட்டார்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. சோடியம் பைகாபனேற்றுக் குளிசை எழுதியிருக்கிறார்கள். கார உணவும் கொடுக்கலாமா?

பழுதடைந்த சிறுநீரகத்தால் அன்றாட அமிலத்தை வெளியேற்ற முடியாது. பைகாபனேற்று 22க்குக் கீழே இறங்கும்; தசை கரையும், பசி போகும். அதற்காகத்தான் அந்தக் குளிசை. அமிலச் சமநிலைக்கு வெளியிலிருந்து உண்மையாகவே உதவி தேவைப்படுபவர் உங்கள் அப்பாதான்.

உணவில் நிதானம் வேண்டும். இணையத்துக் ‘கார உணவு’ப் பட்டியலில் உள்ள வாழைப்பழம், இளநீர், கீரைச் சாறு எல்லாம் பொற்றாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் பழுதானவருக்கும், லொசாற்றன், ஸ்பைரொனோலக்ரோன் எடுப்பவருக்கும் அது இரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்தக்கூடும். கீரையை அவித்து நீரை வடித்துக் கொடுப்பது ஒரு வழி; எவ்வளவு என்பதை அவரது இரத்த அறிக்கையைப் பார்த்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நட்சத்திரப்பழச் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும் அறவே வேண்டாம். அவற்றின் ஒட்சலேற்று, நல்ல சிறுநீரகத்தையே பழுதாக்கிய சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியுள்ளன.

சிறுநீரகக் கல்லுக்குக் காரம் நல்லதா?

கல்லின் வகையைப் பொறுத்தது. யூரிக்கமிலக் கல் அமிலச் சிறுநீரில் உருவாகும். பொற்றாசியம் சித்திரேற்றுக் கொடுத்துச் சிறுநீரை 6.5 அளவுக்கு உயர்த்தினால் கரையவும் செய்யும். கல்சியம் பொஸ்பேற்றுக் கல்லோ காரச் சிறுநீரில்தான் வளரும். கல் வெளியே வந்தால் எறியாமல் ஒரு போத்தலில் போட்டு வைத்தியரிடம் கொடுங்கள். கிணற்றுச் சுண்ணாம்பைத் திட்டுவதைவிட, பங்குனி, சித்திரை வெயிலில் தோட்டத்தில் நிற்கும்போது போதிய அளவு தண்ணீர் குடிப்பது முக்கியம்.

பல்லுக்கு?

அமிலத்தைப் பற்றிக் கவலைப்பட உகந்த இடம் இதுதான். பிஎச் 5.5க்குக் கீழே பல்லின் கடினமான வெளிப்படையான மிளிரி கரையத் தொடங்கும். கோலா பானங்களின் பிஎச் 2.5 அளவில். காலையில் தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறுந்தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காமல் அரை மணிநேரம் பொறுங்கள்.

சிறுநீரைச் சோதிக்கும் பிஎச் தாள் உங்களிடம் இருக்கிறதா? அல்லது இரத்தத்தையே பார்த்துவிடலாமா?

தாள் காட்டுவது நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை. யூரிக்கமிலக் கல்லுக்கு மருந்து எடுப்பவருக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு அந்தக் காசில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கலாம்.

இரத்தத்தின் பிஎச்சை அறியும் பரிசோதனைக்குச் சில வேளைகளில் கைநாளத்தில் எடுத்தாலும், முழு விவரம் வேண்டுமென்றால் அது போதாது. மணிக்கட்டில் நாடி பார்க்கும் தமனிக்குள் ஊசியை இறக்கி எடுப்பார்கள், நோகும். காற்றுக்குமிழ் புகாமல் மூடி, தாமதமாகும் என்றால் பனிக்கட்டியில் வைத்து, விரைவில் கருவியில் போட வேண்டும். பிஎச், காபனீரொட்சைட்டு, பைகாபனேற்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தே கோளாறு நுரையீரலிலா வேறிடத்திலா என்று முடிவெடுப்பார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையில் கடும் நோயாளிக்குத் தேவைப்பட்டால் வைத்தியர்களே எடுத்துவிடுவார்கள். நடந்து வந்து கேட்கும் உடல்நிலையில் இருப்பவருக்கு அது தேவைப்படுவது அரிது.